மோடத்தின் குரலும் மூன்று இடங்களும்

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியபோது அது பெருநகரங்களின் சங்கதியாகவே இருந்தது. சேலம், நாமக்கல் சமவெளியின் சிற்றூர்களை அது எட்டச் சில ஆண்டுகள் பிடித்தன. வந்ததும் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான். ராசிபுரம், திருச்செங்கோட்டுப் பக்கத்தில் இலக்கியம் வாசித்துக்கொண்டிருந்த எங்களுக்கு அக்கம்பியின் மறுமுனையில் ஒரு நூலகமே இருந்தது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், எங்களூர்க் கடைகளில் கிடைக்காத பழந்தமிழ் நூல்களை மின்னுரைகளாக வழங்கி வந்தது.

ஒரு மெகாபைட் கோப்பு இறங்க, நொடிக்கு 28,800 பிட் வேகத்தில் ஏறத்தாழ 5 நிமிடம் ஆகும். ஆகவே நாங்கள் வேண்டியது வேகத்தை அன்று. 5 நிமிடம் அறுபடாத ஓர் இணைப்பை. நான்காம் நிமிடத்தில் அறுந்தால் பெரும்பாலும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். செலவான அழைப்புக் கட்டணம் செலவானதுதான்.

கணினி பழுது பார்ப்பவரை அழைத்தால், "லைனில் கோளாறு" என்பார். லைன்மேன் வந்து ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்து, "பேச்சு நன்றாகத்தானே கேட்கிறது, கம்ப்யூட்டர்காரரைக் கேளுங்கள்" என்பார். இருவர் சொன்னதும் பொய்யன்று. நம் காது இரைச்சலை ஒதுக்கிவிட்டுச் சொல்லை எடுத்துக்கொள்ளும். மோடத்துக்கு அந்தச் சலுகை இல்லை. பேச்சுக்குப் போதுமான கம்பி தரவுக்குப் போதாமல் போகலாம்.

இவ்வழக்கில் மோடமே சாட்சி சொன்னது. டயல் தொனியே இல்லையென்று 680 என்னும் பிழை எண் வந்தால் முதலில் வீட்டுக்குள்தான் தேட வேண்டும்: சுவர்ச் செருகி, வடம், அல்லது மோடத்தின் பின்புறத்து இரு துளைகளில் 'லைன்' இருக்க வேண்டிய இடத்தில் 'போன்'. மணி அடித்தும் எவரும் எடுக்காமல் 678 வந்தால் மறுமுனையை ஐயுறலாம். மறுமுனையின் கீச்சொலி எழுந்து, பின்வரும் இரைச்சல் அடங்காமல் திரும்பத் திரும்பத் தொடங்கினால் நடுவழிக் கம்பியே குற்றவாளி. 691 வந்தாலோ கம்பி நலம். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்த்தால் போதும்.

கம்பியைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருந்தது. ரிசீவரை எடுத்து ஓர் எண்ணை மட்டும் அழுத்தினால் டயல் தொனி நின்றுவிடும். அந்த அமைதியில் கரகரப்புக் கேட்டால் எங்கோ ஓர் இணைப்பு முடிச்சில் ஈரமோ துருவோ ஏறியிருக்கிறது. மழைக்கு மறுநாள் இது வழக்கம். விசைத்தறித் தெருக்களில் மின்கம்பியை ஒட்டியே ஓடும் தொலைபேசிக் கம்பியில் 'ம்ம்' என்ற முனகல் கேட்கும். அந்த அமைதியை லைன்மேனிடம் கொடுத்துக் கேட்கச் சொன்னோம். அவரே கம்பம் ஏறி முடிச்சைப் பிரித்தார்.

எஞ்சியவை வீட்டு வைத்தியம். இணையாக இழுத்த இரண்டாம் தொலைபேசியைக் கழற்றினோம். காத்திருப்பு அழைப்பு வசதியை நிறுத்தினோம். கோடை இடிக்கு முன் மின்செருகியோடு தொலைபேசி வடத்தையும் உருவினோம். கடைசியாக, மோடத்தின் உச்ச வேகத்தைக் குறைத்து வைத்தோம். மனம் ஒப்பாத மருந்து இதுவே. 1998-இல் வந்த வி.90 தரம் 56,000 பிட் என்று சொன்னாலும், இணைப்பகத்திலிருந்து நெடுந்தொலைவு வரும் செப்புக் கம்பி அதைத் தாங்காது. தாங்காத வேகத்தில் முட்டி முட்டி விழுவதைவிட 28,800-இல் நின்று நிலைப்பது மேல்.

2005 முதல் அகலப்பட்டை பரவவே அந்த ஓசை ஓய்ந்தது. அதற்காக ஏங்குவதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் இன்று கைப்பேசித் திரையில் ஒரு வட்டம் வாய் திறவாமல் சுழலும்போது, வீடா, வழியா, மறுமுனையா என்று பிரித்துக் கேட்கும் பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை. இருவர் ஒருவரையொருவர் சுட்டிக்கொண்டிருந்த இடத்தில், இருவர் காதுக்கும் கேட்கும் ஒரு சான்றை வைத்த பிறகே எங்கள் நூல்கள் முழுமையாக வந்து இறங்கின.