கோபத்துக்கும் ஒரு கதிரை

கொழும்பு வெள்ளவத்தையில் என்னிடம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாமார் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்பார்கள்: "எத்தனை தரம் வந்தால் சரியாகும் மிஸ்? சோதனை கிட்டுது." ஏஎல், டியூஷன், இசட் ஸ்கோர் என்று ஓடும் வீடுகளில் அது நியாயமான கேள்வி. ஆனால் நான் செய்வது, உளப்பகுப்பாய்விலிருந்து வளர்ந்த உளஇயக்கவியல் வழியிலான சிகிச்சை. இதில் அறிவுரை குறைவு. வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே அறை, 50 நிமிடம். வருகிறவர் மனதில் வருவதைப் பேசுவார். எதைப் பேசாமல் சுற்றிப் போகிறார், என்னோடு எப்படிப் பழகுகிறார் என்பதையும் சேர்த்தே நான் கவனிப்பேன். சிறு வயதில் நெருங்கியவர்களோடு பழகிய விதம் நாம் அறியாமலே பிந்திய உறவுகளுக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. சிகிச்சை அறைக்குள்ளும் அது வரும். வந்தால்தான் அதை இருவருமாகப் பார்க்க முடியும்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றி, ஒரே மாதிரியான பலரின் அனுபவத்தை ஒருவருக்குள் சேர்த்திருக்கிறேன். வயது 17, கணிதப் பிரிவு. அப்பா கட்டாரில், வெள்ளிக்கிழமைகளில் வீடியோ கோல் எடுப்பார். பையனுக்கு விடாத வயிற்றுவலி. ஸ்கான், இரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் அகப்படவில்லை. பல வாரங்களாக "எல்லாம் ஓகே மிஸ்" என்பதற்கு மேல் பேச்சு நகரவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்துவான். போகும்போது கதிரையை நேராக்கி வைத்துவிட்டுப் போவான்.

இடையில் நான் இரண்டு வாரம் லீவில் போக வேண்டியிருந்தது. முன்கூட்டியே சொல்லியிருந்தேன். திரும்பி வந்த வாரம் அவன் வரவில்லை. அடுத்த வாரம் இருபது நிமிடம் பிந்தி வந்தான். "மறந்துபோச்சு மிஸ். நீங்க நல்லா ரெஸ்ட் எடுத்தீங்களா?" என்று அன்பாகக் கேட்டான். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

"நான் போனது உங்களுக்குக் கோபமா இருந்திருக்கலாம். அதைச் சொல்ல இடமில்லாமப் போயிருக்கலாம்" என்றேன்.

நிலத்தைப் பார்த்தபடி இருந்தான். பிறகு, "கோபப்பட்டு என்ன செய்யிறது மிஸ்? அப்பா எங்களுக்காகத்தானே போயிருக்கார்" என்றான்.

நான் அப்பாவின் பெயரையே எடுக்கவில்லை. அவனாகவே அங்கே போய்ச் சேர்ந்தான். குடும்பத்துக்காக வியர்வை சிந்துகிற ஒருவரிடம் எப்படிக் கோபப்படுவது? பட்டால் நன்றிகெட்டவன் ஆகிவிடுவேனே என்ற பயத்தில் அந்தப் பிள்ளை வருடக்கணக்காகக் கோபத்தை விழுங்கி வந்திருக்கிறான். என்மேல் வந்த சின்னக் கோபத்தை நான் தாங்கிக்கொண்டேன். திருப்பி அடிக்கவில்லை, புண்படவில்லை, அடுத்த வாரமும் அதே நேரத்தில் இருந்தேன். அன்பும் கோபமும் ஒரே ஆள்மேல் ஒரே நேரத்தில் இருக்கலாம், இருந்தும் உறவு முறியாது என்பதை அவன் தானே அனுபவித்துத் தெரிந்துகொண்டான். இதைப் புத்திமதியாகச் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பான்.

சில மாதங்களில் வயிற்றுவலி தணிந்தது. ஆனால் அம்மா பதறிப்போய் வந்தார்: "முந்தி ஒரு சொல் எதிர்த்துப் பேசாத பிள்ளை. இப்ப போனில தகப்பனோட சண்டை பிடிக்கிறான்." அறையில் பேசியதை அவரிடம் சொல்ல முடியாது. "அவர் அப்பாவோட கதைக்கத் தொடங்கியிருக்கிறார், அம்மா. கொஞ்சம் பொறுங்க" என்று மட்டும் சொன்னேன். வளரிளம் பருவத்து உள வளர்ச்சி பல வேளைகளில் வீட்டுக்குச் சீர்கேடு போலத்தான் தெரியும். லண்டன் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகொட், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெற்றோரிடமிருந்து பிரித்து அனுப்பப்பட்ட பிள்ளைகளோடு வேலை செய்தவர். பிள்ளையின் முரண்டுக்குள் நம்பிக்கை இருக்கிறது என்று அவர் கண்டார்: யாரோ கேட்பார்கள் என்று நினைக்கிற பிள்ளைதான் முரண்டு பிடிக்கும்.

பெரியவர்களிடம் இந்த வேலை இன்னும் மெதுவாக நடக்கும். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் நடுவயதுப் பெண்கள் சிலரிடம் ஒரு பொது அம்சம் பார்க்கிறேன். தமிழருக்கு எதிரான வன்முறை நடந்த 1983 ஜூலையில் சிறுமிகளாக இருந்தவர்கள். பொட்டை அழி, ரோட்டில் தமிழில் கதைக்காதே, அழாதே என்று கேட்டு வளர்ந்தவர்கள். இன்று அலுவலகத்தில் அநியாயம் நடந்தாலும் குரல் எழாது. மரண வீட்டிலும் கண்ணீர் வராது. "அம்மாவுக்கு ஒண்டும் உறைக்கிறதில்லை" என்று மகள்மார் குறைப்படுவார்கள். 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது, அடக்கி வைத்த பழைய நடுக்கம் சிலருக்குப் புதிதாகத் திரும்பியது.

இவர்களிடம் "மனம் விட்டு அழுங்கள்" என்று சொல்வது கொடுமை. அந்த மௌனம் ஒரு காலத்தில் உயிரைக் காத்தது. அதை முதலில் மதிக்க வேண்டும். அது எங்கிருந்து வந்தது, யாரைக் காத்தது என்று சேர்ந்து பேசிப் பார்க்கும்போதுதான், இப்போது அது யாரிடமிருந்து அவரைப் பிரித்து வைக்கிறது என்பதும் தெரியவரும். மனத்தின் காவல்கள் பலவந்தத்துக்குத் திறக்காது. பாதுகாப்பு உண்டு என்று மெய்யாக உணர்ந்தால்தான் இளகும். வெளியே அந்தப் பாதுகாப்பு இல்லாதபோது அவை இருப்பதே நியாயம்.

"இது வெள்ளைக்காரருக்கான வைத்தியம்" என்பவர்களும் உண்டு. ஆனால் கிரீந்திரசேகர் போஸ் 1922இலேயே கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். நமது நாட்டு மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர, கதிர்காமத்துச் சடைமுடி அடியார்களின் வாழ்க்கையை, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய பிராய்டின் கருத்துகளோடு உரசிப் பார்த்து 1981இல் ஒரு நூலே எழுதினார். நேர்த்தியும் காவடியும் நமது மண்ணில் மனத்தின் பாரத்தைச் சுமந்துவந்த வழிகள். என்னிடம் வருபவர்கள் அவற்றை விட்டுவிட்டு வருவதில்லை, வரவும் வேண்டாம்.

பலன் உண்டா என்றும் கேட்க வேண்டும். மனச்சோர்வுள்ள, 11 முதல் 17 வயது வரையான 465 பேரை வைத்து இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. குறுங்கால உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை, சிந்தனை-நடத்தைச் சிகிச்சை, சுருக்கமான உளசமூக உதவி ஆகிய மூன்றும் ஒப்பிடப்பட்டன. ஒன்றை ஒன்று விஞ்சவில்லை. மூன்றிலும் கிடைத்த முன்னேற்றம் சிகிச்சை முடிந்து ஒரு வருடம் கழிந்தும் நிலைத்திருந்தது. ஆகவே இதுதான் ஒரே வழி என்று நான் சொல்லமாட்டேன். உயிரை மாய்க்கும் எண்ணம் இருந்தால் முதலில் பாதுகாப்பும் மனநல மருத்துவரும்தான். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். பிள்ளை முதன்முதலாகக் குரல் உயர்த்தும் நாளில், உடனே அடக்கிவிடாதீர்கள், விட்டுக்கொடுத்தும் விடாதீர்கள். உங்கள் பதிலைச் சொல்லுங்கள். முகத்தைத் திருப்பாமல் இருங்கள். அன்று இரவு வழக்கம்போலச் சாப்பிடக் கூப்பிடுங்கள். சிகிச்சையில் நான் செய்வதில் பெரும்பகுதி அதுதான். வீட்டிலேயே அது கிடைக்கும் பிள்ளைகளில் பலருக்கு நான் தேவைப்படமாட்டேன்.