திரும்பி வருகிறவர்கள் கேட்கும் கணக்கு

ஜூலை 7 மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் பொது விடுமுறை. 2008-இல் இதே நாளில்தான் அதன் தலைநகரான ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலக மரபிடப் பட்டியலில் சேர்ந்தன. வருடாவருடம் அந்த நாளையொட்டிப் பழைய நகரத்தில் விழா எடுக்கிறார்கள். அந்த விழாக் கூட்டத்துக்குள்ளேயே சத்தமில்லாமல் இன்னொரு கூடுகையும் நடக்கிறது. ஊர் சுற்றிக்காட்டும் வழிகாட்டிகள் சிலர், தங்களோடு எப்போதோ நடந்துபோன பயணிகளைக் கூப்பிட்டுக் கட்டணம் வாங்காமல் மறுபடி ஒரு நடை போகிறார்கள். மேடை கிடையாது, பேனர் கிடையாது. வாட்ஸ்அப்பில் செய்தி போகிறது. பயணத்தை அந்த வாரத்துக்கு மாற்றிக்கொள்ள முடிந்தவர்கள் வந்து சேர்கிறார்கள். வழிகாட்டும் தொழிலைப் பற்றி எழுதப் போன என்னையும் அந்த நடையில் சேர்த்துக்கொண்டார்கள்.

காலை எட்டு மணிக்கு முன்பே கார்ன்வாலிஸ் கோட்டை வாசலில் கூடிவிட்டோம். மூத்த வழிகாட்டிக்கு அறுபது வயதுக்கு மேல். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தமிழ், மலாய், ஹொக்கியன், ஆங்கிலம் நான்கும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எல்லாருக்கும் அவர் ‘அண்ணே’. உடன் வந்த இளம் பெண் வழிகாட்டிக்கு மட்டும் ‘அங்கிள்’. திரும்பி வந்தவர்களில் காரைக்குடிப் பக்கத்து ஆச்சி ஒருவர் பேரனோடு நின்றார். கடையநல்லூர் வியாபாரி ஒருவர், ஈப்போவிலிருந்து வந்த தமிழாசிரியத் தம்பதி, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை, இன்னும் சிலர்.

“மொதல்ல நெழலப் பாக்கணும் தம்பி. வரலாறு அப்புறம்” என்றுதான் அண்ணே எனக்குப் பாடத்தைத் தொடங்கினார். காலையில் எந்தத் தெருவில் எந்தப் பக்கத்து ஐந்தடியில் நிழல் விழும், பத்து மணிக்கு அது எந்தப் பக்கம் மாறும் என்ற கணக்கில்தான் அவருடைய பாதை அமைகிறது. கடைவீடுகளின் முன்னால் கூரையோடு ஓடும் அந்த ஐந்தடி நடைவழிதான் பினாங்கு வழிகாட்டியின் வகுப்பறை. ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் தரை ஒரு மட்டம், நடுவே மோட்டார் சைக்கிள், பூஜைத் தட்டு, அரிசி மூட்டை. அதனால் நடந்துகொண்டே பேசுவதில்லை. நின்ற பிறகும் கடைசி ஆள் வந்து சேரும்வரை வாய் திறப்பதில்லை. வெயில் தன் முகத்தில் அடிக்கும்படி அவர் நிற்கிறார். அப்போதுதான் கேட்கிறவர்கள் கண்ணைச் சுருக்காமல் பார்க்க முடியும். கடை வாசலை மறைத்து நிற்க விடமாட்டார். கழிப்பறை எங்கே, வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் எந்த வாசலைத் தவிர்க்க வேண்டும், கோயில் நடை எப்போது சாத்துவார்கள் என்பதெல்லாம் விரல் நுனியில். கண்ணுக்குத் தெரிகிற ஒன்றை முதலில் காட்டிவிட்டுத்தான் தெரியாததைச் சொல்ல ஆரம்பிக்கிறார். ஒரு நிறுத்தத்தில் ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் கேட்கிறவர்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள் என்பது அவர் அனுபவம்.

கோட்டைக்குள் பினாங்கின் புகழ்பெற்ற பீரங்கிக் கதை வந்தது. 1786-இல் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட் இங்கே இறங்கியபோது கரையெல்லாம் காடு. வெட்ட ஆட்களுக்கு மனம் இல்லை. லைட் பீரங்கியில் வெள்ளிக் காசை அடைத்துக் காட்டுக்குள் சுட, காசு பொறுக்கப் போனவர்கள் காட்டையும் வெட்டித் தீர்த்தார்களாம். பினாங்கைச் சுற்றிக்காட்டும் எவரும் இதைச் சொல்லாமல் நகர்வதில்லை. அண்ணே ‘சுட்டாராம்’ என்று முடித்ததும் ஈப்போ ஆசிரியர் குறுக்கிட்டார்: “போன தடவை ‘சுட்டார்’னு சொன்னீங்கண்ணே. நானும் வகுப்புல பிள்ளைங்ககிட்ட வரலாறுன்னே சொல்லிட்டேன்.” அண்ணே மழுப்பவில்லை. “அப்ப அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். இப்ப மாத்திட்டேன், நீங்களும் மாத்திருங்க” என்றார்.

அந்த இடத்தில்தான் இந்தக் கூடுகையின் பயன் எனக்குப் பிடிபட்டது. ஒரு நாள் வந்துபோகும் பயணிக்கு வழிகாட்டி எதையும் சொல்லிவிடலாம். கப்பல் சாயங்காலம் கிளம்பிவிடும், கேள்வி கேட்க ஆள் இருக்காது. ஆண்டுதோறும் திரும்பி வருகிறவர்கள் முன்னால் அது நடக்காது. போன வருடம் சொன்னது என்ன, இந்த வருடம் சொல்வது என்ன என்று அவர்கள் ஒப்பிடுகிறார்கள். அண்ணே தன் வாக்கியங்களை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்: ஆதாரம் உள்ளது, ஊரார் சொல்வது, தான் நினைப்பது. எந்த வகை என்பதைக் கேட்கிறவருக்குத் தெரிய வைப்பதுதான் தொழில் நேர்மை என்று இளைய வழிகாட்டிக்கும் சொல்லித் தருகிறார். காசுக் கதையையே விட்டுவிடலாமே என்று அந்தப் பெண் கேட்டார். “விடக் கூடாதும்மா. ஊரு இருநூறு வருஷமா எதை நம்ப ஆசைப்படுதுங்கிறதும் ஊரோட சேதிதான். ‘ஆம்’ போட்டுச் சொல்லு.”

லைட்டின் வெண்கலச் சிலையருகே அடிலெய்டு ஆசிரியை பேசினார். தீவில் ஆங்கிலேயர் குடியேறி 150 ஆண்டு ஆனதையொட்டி 1936-இல் வைத்த சிலை அது. லைட்டின் உருவப்படம் எதுவும் கிடைக்காததால் மகன் வில்லியமின் சாயலில் வடித்தார்கள் என்பார்கள். அந்த வில்லியம் லைட்தான் அடிலெய்டு நகரத்துக்கு இடம் தேர்ந்து வரைபடம் போட்டவர். தன் ஊரை அமைத்தவரின் அப்பாவைத் தேடித்தான் அம்மையார் முதன்முதலில் பினாங்குக்கு வந்திருக்கிறார். அன்று அண்ணேயின் பையில் அந்தத் தொடர்பு இல்லை. இவர் சொல்லித்தான் சேர்ந்தது.

அங்கிருந்து மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலை. நடக்கக்கூடிய தூரத்துக்குள் 1818-இல் முடிந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், குயின் தெருவில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், 1801-இல் வேர்விட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். தேவாலயத்தின் வெள்ளைத் தூண்கள் முன்னால் நின்று, இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பு இதற்குள் இருக்கிறது என்றார் அண்ணே. பள்ளிவாசல் என்றதும் பரங்கிப்பேட்டை வந்தது. அங்கிருந்து வந்த வணிகர் காதர் மைதீன்தான் தென்னிந்திய முஸ்லிம்களின் கப்பித்தானாக, அதாவது சமூகத் தலைவராக இருந்து இந்தப் பள்ளிவாசலை எழுப்பியவராகப் போற்றப்படுகிறவர். மத ஒற்றுமைக்கு இந்தச் சாலையை உதாரணம் காட்டுவது சுற்றுலாப் பேச்சில் சம்பிரதாயம். அண்ணே அதை ஒரே வரியில் முடித்துக்கொண்டு, பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் யாரிடம் கடன் வாங்கினார்கள், யாருக்குச் சரக்கு விற்றார்கள் என்று இறங்கிவிட்டார்.

சூலியா தெருவில் நாகூர் தர்கா ஷரீபின் முன்னால் கடையநல்லூர்க்காரரின் முறை. அவருடைய தாத்தா இங்கே துணிக்கடையில் சம்பளத்துக்கு இருந்தவர். ஊருக்குக் கப்பல் ஏறும் முன் இங்கே வந்து நேர்ந்துகொள்வது வீட்டு வழக்கம் என்று அவர் முன்பொருமுறை சொன்னதை, ‘ஒரு கடையநல்லூர்க் குடும்பம் சொன்னது’ என்ற அடைமொழியோடு அண்ணே இப்போது எல்லாரிடமும் சொல்கிறார். தன் குடும்பச் செய்தி ஒழுங்காகத்தான் பரவுகிறதா என்று கேட்டுப் பார்க்கத்தான் இவர் வருகிறார் போலிருந்தது.

பினாங்குத் தெருவில் ஆச்சி எல்லாரையும் நிறுத்திவிட்டார். சின்னப் பெண்ணாக நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர் அவர். 1926-இல் கட்டிய அந்தக் கப்பல் 1973 வரை தமிழர்களை ஏற்றி இறக்கியது. அப்பா இந்தத் தெருவில் செட்டியார் கிட்டங்கியில் கணக்கு எழுதியவர். “ஏம்ப்பா, போன வருஷம் மேசை நாற்காலியில உக்காந்து வட்டிக்குக் குடுத்தாங்கன்னு சொன்னியே, அது தப்பு. தரையில பாயி, முன்னால கைப்பெட்டி, பின்னால இரும்புப் பெட்டி. ஒரே கிட்டங்கிக்குள்ள பல கடை” என்று கையால் இடம் அளந்து காட்டினார். இளைய வழிகாட்டி குறித்துக்கொண்டார். தைப்பூசத்துக்கு இந்தத் தெருக் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்படும் வெள்ளி ரதம் 1894-இல் தமிழ்நாட்டிலிருந்து வந்தது என்ற தகவல் அச்சில் கிடைக்கும். கைப்பெட்டி எந்தப் பக்கம் இருந்தது என்பதை ஆச்சிதான் சொல்ல வேண்டும்.

ஆர்மீனியன் தெருவில், சைக்கிளில் போகும் இரண்டு குழந்தைகளின் சுவரோவியத்துக்கு முன்னால் படம் எடுக்க நீண்ட வரிசை. லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சாகரெவிச் 2012-இல் வரைந்தது. வழிகாட்டி இல்லாமலே மக்கள் தேடிவரும் இடம் என்பதால் அண்ணே ஒதுங்கி நின்றார். பக்கத்துச் சந்துக்குள் கூட்டிப்போன பிறகு அடிலெய்டு அம்மையார் பையிலிருந்து பழைய படங்களை எடுத்தார். 1990-களின் நடுவில் எடுத்தவை: மாடியில் காயும் துணி, கீழே தகர வேலைக்காரர், பெயர்ப்பலகை செதுக்கும் கிழவர். இன்று அந்தக் கதவுகளுக்குப் பின்னால் விடுதியும் காப்பிக் கடையும். 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்க 1997-இல் சட்டம் வந்தது. 1999 முடிந்ததும் பழைய குடித்தனக்காரர்களுக்கு இருந்த காப்பு போயிற்று. வாடகை ஏறி, தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்கள் நகரத்தை விட்டு வெளியேறின. மரபிடப் பட்டம் வந்து சேர்ந்தபோது மரபைச் சுமந்தவர்களில் பலர் அங்கே இல்லை. இதைச் சொன்னால் பயணியின் முகம் சுருங்கும், சொல்லாவிட்டால் பொய்யாகும். அந்தப் படங்களின் நகல்களை அண்ணே தன் நடைகளில் காட்டுகிறார். ஊர் மாறியதற்கு வெளியூர்க்காரர் வைத்திருந்த சாட்சி.

மதியம் நாசி கண்டார் கடையில் இலையைப் போலவே பேச்சும் நிறைந்தது. மலேசியாவில் வழிகாட்டி வேலை 1992-ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டத்துக்கு உட்பட்டது. பயிற்சி முடித்து, தேர்வில் தேறி, சுற்றுலா அமைச்சின் உரிமம் பெற வேண்டும். பொது வழிகாட்டிக்கு நீல பேட்ஜ், காடு, மலை முதலிய இயற்கை இடங்களுக்குப் பச்சை. உரிமத்தைப் புதுப்பிக்கத் தொடர்பயிற்சி வகுப்புகளுக்கும் போக வேண்டும். இவ்வளவு கட்டுப்பாடு உள்ள தொழிலில் மாதச் சம்பளம் மட்டும் அநேகருக்குக் கிடையாது. நடந்த நாளுக்குத்தான் கூலி.

கொரோனாத் தொற்றால் 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. எல்லைகள் முழுதாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-இல். அந்த ஆரம்ப மாதங்களில் அரசின் ஊக்கத் தொகுப்பில் டாக்சிக்காரர், சுற்றுலாப் பேருந்து ஓட்டுநர், பதிவுபெற்ற பேச்சா (சைக்கிள் ரிக்‌ஷா) மிதிப்பவர் ஆகியோரோடு வழிகாட்டிகளுக்கும் ஒருமுறை 600 வெள்ளி (ரிங்கிட்) கிடைத்தது. இரண்டு வருட வறட்சிக்கு அது எந்த மூலைக்கு? இளைய வழிகாட்டி ஸ்கூட்டரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துச் சமாளித்திருக்கிறார். தெருவும் வீட்டு எண்ணும் அத்துபடியாக இருந்ததால் அந்த வேலையிலும் வேகம் இருந்தது என்று சிரித்தார். அண்ணேயின் பழைய பயணிகள் சிலர், “அடுத்த தடவை வர்றதுக்கு முன்பணம்” என்று அனுப்பிவைத்தார்கள். கடையநல்லூர்க்காரரும் அதில் உண்டு. அந்த முன்பணத்தை இன்றைய நடையில் கழிக்கலாமா என்று அண்ணே கேட்க, “அது வட்டியோட ஏறிட்டிருக்கு, விடுங்க” என்றார் அவர்.

உலகமெங்கும் பிப்ரவரி 21-ஐ வழிகாட்டிகள் நாளாகக் கொண்டாடுகிறார்கள். உலக வழிகாட்டிச் சங்கங்களின் கூட்டமைப்பு 1990 முதல் நடத்திவரும் நாள் அது. பல ஊர்களில் அன்று இலவச நடை உண்டு. அது ஊருக்கு வழிகாட்டியை அறிமுகம் செய்யும் நாள். நான் ஜார்ஜ் டவுனில் பார்த்த கூடுகை அதைவிடக் கடினமானது, வழிகாட்டி தன் சொல்லுக்குக் கணக்கு ஒப்படைப்பது. எந்தத் தேர்வும் எந்த பேட்ஜும் இப்படிச் சோதித்துப் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டிலும் மாமல்லபுரம், தஞ்சை, மதுரை போன்ற ஊர்களில் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். கோயில் வாசலில் அவர்களைத் தள்ளிவிட்டு உள்ளே போகிறோம். அல்லது அவர்கள் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு வெளியே வந்து மறந்துபோகிறோம். கேட்டதைத் திரும்பப் போய் விசாரிக்க ஆள் இல்லாத இடத்தில் கட்டுக்கதை வளர்வதற்கு வழிகாட்டியை மட்டும் குறை சொல்வது நியாயம் ஆகாது.

சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் 2024 டிசம்பரில் தொடங்கியிருக்கிறது. இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்ற சலுகை அதற்கு ஒரு வருடம் முன்பே, 2023 டிசம்பரில் வந்துவிட்டது. போகிறவர்கள் சுவரோவியத்துக்கு முன்னால் வரிசையில் நிற்பதற்கு முன் அரைநாள் நீல பேட்ஜ் அணிந்த ஒருவரோடு நடந்து பாருங்கள். பேரம் பேசாமல் கூலியைக் கொடுங்கள். அவர் சொல்வதில் எது ஆதாரம், எது ‘ஆம்’ என்று கேளுங்கள். உங்கள் தாத்தா பினாங்கில் இருந்திருந்தால், வீட்டில் சொல்லக் கேட்டதை அவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த முறை போகும்போது அதைச் சரியாகச் சொல்கிறாரா என்றும் பாருங்கள்.