ரூவானில் ஒரு நாள்

நம்ம ஊர் கப்ஸ் கோயில் எதிரே தோட்டத்தில் ஒரு பெண்ணின் சிலை இருக்கிறதே, அது யாருன்னு தெரியுமா? ஜோன் ஆஃப் ஆர்க். அவர் உயிர்விட்ட பிரான்ஸ் நகரத்தைக் கோடை விடுமுறையில் பார்த்து வந்தேன்.

பாரிசில் இருக்கும் என் அத்தை, ரயிலில் ரூவானுக்கு அழைத்துப் போனார். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். முதலில் பேராலயம். கோபுரம் 151 மீட்டர்! அண்ணாந்து பார்த்துக் கழுத்தே வலித்தது. அடுத்து, தெருவுக்குக் குறுக்கே ஒரு வளைவின் மேல் பெரிய கடிகாரம். மணி முள் மட்டும்தான், நிமிட முள்ளே கிடையாது. நம்ம ஸ்கூலில் அப்படி ஒன்று இருந்தால் யாருமே லேட் இல்லை!

பிறகு பழைய சந்தைத் திடல். 1431 மே 30 அன்று இங்கேதான் ஜோனை உயிரோடு எரித்தார்கள். வயது சுமார் 19. பெரிய கல்லறை இருக்கும்னு நினைத்தேன். இல்லை. சாம்பலைக்கூட சேன் ஆற்றில் போட்டுவிட்டார்களாம். ஒரு சின்னப் பூந்தோட்டம், உயரமான சிலுவை, பக்கத்தில் 1979-ல் கட்டி முடித்த புது தேவாலயம். சுற்றிலும் ஓட்டல்களில் ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தப்பான தீர்ப்புன்னு யாருமே கேட்கலையா அத்தை?"

"கேட்டாங்களே, அவளைப் பெத்தவ கேட்டா" என்றார் அத்தை.

அம்மாவும் குடும்பத்தாரும் முறையிட்டதால் மறுவிசாரணை நடந்தது. 1456-ல் இதே ஊரில் பழைய தீர்ப்பு செல்லாது என்று அறிவித்தார்கள். 25 வருஷம் கழித்து!

எனக்கு அதற்கு மேல் ஊர் சுற்றவே மனசு வரலை. காரணம் இதுதான். போன வருடம் என் கம்பாஸ் பெட்டி காணாமல் போனபோது, பக்கத்தில் உட்காருபவள்தான் எடுத்தாள்னு வகுப்பு முழுக்கச் சொன்னேன். அவள் அழுதாள். ஒரு வாரத்தில் பெட்டி எங்கள் வீட்டு பீரோவுக்குப் பின்னால் கிடைத்தது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை.

ஜோன் எங்கே, கம்பாஸ் பெட்டி எங்கேன்னு சிரிக்காதீர்கள். பழி பழிதானே?

ஊர் திரும்பியதும் அவளிடம் உண்மையைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

பழியை எல்லோர் காதிலும் போட்டவள் நான். அதனால் எல்லோரும் படிக்கும் இந்தச் சுவரில் எழுதுகிறேன்: அவள் எடுக்கவில்லை.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி