அப்பவே சொல்லியிருந்தா

நான் வேலை பார்ப்பது கட்டுமான ஒப்பந்தங்களுக்கான ஒரு மென்பொருளில். பிரிட்டனில் ரோடும் பாலமும் ரயில்பாதையும் போடுகிறவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். நான் சென்னையில் உட்கார்ந்து அவர்களுடைய கெடு தேதிகளுக்குக் கோடு எழுதுகிறேன். செங்கல், ஜல்லி எதுவும் என் கண்ணில் படாது. படுவதெல்லாம் நோட்டீஸ்தான்.

அங்கே பரவலாகப் புழங்குவது என்.இ.சி. என்ற ஒப்பந்தம். 1993-இல் முதல் பதிப்பு வந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக் கட்டுமானங்கள் அதன் மூன்றாம் பதிப்பின்படி நடந்தவை. நான்காவது 2017-இல் வந்தது. வேலையில் சேர்ந்த முதல் வாரம் டீம் லீட் ஒரு பிரதியைக் கொடுத்து, "கோடைத் தொடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க" என்றார். வக்கீல் பாஷையாக இருக்கும் என்று பயந்து திறந்தேன். சின்னச் சின்ன வாக்கியங்கள், எல்லாம் நிகழ்காலத்தில். இரு தரப்பும் பரஸ்பர நம்பிக்கையோடு நடந்துகொள்ள வேண்டும் என்பதே தொடக்கத்தில் வரும் விதி. ஒப்பந்தத்தில் போய் இதையெல்லாம் எழுதுவார்களா என்று சிரிப்பு வந்தது.

முக்கியமான விதி அதற்கப்புறம் வருகிறது. செலவைக் கூட்டக்கூடிய, வேலையைத் தாமதமாக்கக்கூடிய எது தெரியவந்தாலும் உடனே மற்ற தரப்புக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். காண்ட்ராக்டருக்கும் இது பொருந்தும், கட்டச் சொன்னவரின் ப்ராஜெக்ட் மேனேஜருக்கும் பொருந்தும். இதன் பெயர் முன்னெச்சரிக்கை. இது பணம் கேட்கும் நோட்டீஸ் அல்ல. யார் தப்பு என்ற பேச்சும் இதில் கிடையாது. உட்கார்ந்து பேசி, இனி என்ன செய்யலாம் என்று பார்ப்பதற்கு மட்டும்தான். முன்பு 'ரிஸ்க் ரிஜிஸ்டர்' என்றிருந்த பதிவேட்டின் பெயரையே நான்காம் பதிப்பில் 'முன்னெச்சரிக்கைப் பதிவேடு' என்று மாற்றிவிட்டார்கள்.

பணத்துக்கு வேறு வழி இருக்கிறது. விஷயம் தெரிந்த எட்டு வாரத்துக்குள் காண்ட்ராக்டர் அறிவிக்க வேண்டும். மதிப்பீடு கொடுக்க மூன்று வாரம், அதற்குப் பதில் சொல்ல இரண்டு வாரம். மேனேஜரே உத்தரவு போட்டு மாற்றிய வேலை என்றால் பரவாயில்லை. மற்றவற்றில் எட்டு வாரம் தாண்டினால் உரிமை போய்விடும்.

அதையெல்லாம் வேகமாகப் படித்துவிட்டேன். ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். அனுபவமுள்ள காண்ட்ராக்டர் ஒருவர் முன்னெச்சரிக்கை கொடுத்திருக்கலாம், ஆனால் கொடுக்கவில்லை என்றால், கொடுத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்குமோ அந்தக் கணக்கில்தான் அவருக்குப் பணம்.

எனக்கு 2001 ஞாபகம் வந்தது.

அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் சின்ன காண்ட்ராக்டர். கொத்தனாராக இருந்து மேலே வந்தவர். அந்த வருஷம் ஒரு ரிட்டயர்டு வாத்தியாருக்கு வீடு கட்டினார். சதுர அடி ரேட் பேசி, இருபது ரூபாய் பத்திரத்தில் அக்ரிமெண்ட். பூமி பூஜை முடிந்து இரண்டாம் நாள் தோண்டும்போது நாலடியில் கறுப்புச் சேறும் மக்கிய ஓலையும் வந்தன. தூர்த்த குட்டை. அஞ்சடி பேசியிருந்த அஸ்திவாரத்தை எட்டடிக்கு இறக்கி, மணல் நிரப்பி, கம்பியைக் கூட்டிக் கட்டினார். வாத்தியாரிடம் சொல்லவில்லை. கடைசி பில்லில் நாற்பத்தைந்தாயிரம் கூடுதலாக எழுதினார்.

வாத்தியார் கத்தவில்லை. "நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். அவ்வளவுதான். பேசிய தொகைக்கு மேல் ஒரு ரூபாய் தரவில்லை. அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது, திரும்பவில்லை. எங்கள் வீட்டில் அந்த வாத்தியாருக்கு 'ஏமாத்துக்காரன்' என்றுதான் பெயர். எட்டாவது படித்துக்கொண்டிருந்த நான், அவர் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் காறித் துப்புவேன்.

இப்போது அந்த விதியை வைத்து அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இரண்டாம் நாளே சொல்லியிருந்தால்? மனையில் பின்பக்கம் நிறைய இடம் இருந்தது. அங்கே மண் கெட்டி. கிணறு வெட்டியபோதே அப்பா பார்த்திருக்கிறார். வீட்டைப் பதினைந்தடி தள்ளிக் கட்டியிருக்கலாம். செலவு இரண்டு நாள் தோண்டிய கூலியோடு போயிருக்கும். இன்னொரு விதி அதைவிட மோசம். நிலத்தடியில் வருவது அனுபவஸ்தர் எதிர்பார்த்திருக்க முடியாததாக இருந்தால்தான் இழப்பீடு. அந்தத் தெருவின் பெயரே குட்டைத் தெரு.

வாத்தியார் ஏமாற்றவில்லை. அவர் முடிவு எடுத்திருக்க வேண்டிய ஒரு நாளை அப்பா அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக்கூடாதோ என்று இப்பவும் தோன்றுகிறது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டார்.

"எட்டு வாரம் எதுக்குடா, எனக்கு ரெண்டாம் நாளே தெரியும். மண்ணைக் கையில எடுத்ததும் தெரியும்."

"அப்புறம் ஏன்ப்பா சொல்லல?"

"பூஜை போட்ட ஈரம் காயல. குட்டை மண்ணுன்னு சொன்னா, ராசியில்லாதவன்னு வேற ஆளைப் போட்ருப்பாரு. பத்தாயிரம் அட்வான்ஸ் வாங்கி ஆளுங்களுக்குக் குடுத்தாச்சு. திருப்பிக் கேட்டா எங்க போவேன்?"

என்னிடம் பதில் இல்லை. ஒப்பந்தத்தின் தொடக்கத்திலேயே நம்பிக்கையைப் பற்றி ஏன் எழுதினார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. கெட்ட செய்தி சொன்னவனை வேலையை விட்டுத் தூக்க மாட்டார்கள் என்ற உறுதி இல்லையென்றால் மற்ற விதிகள் எதற்கும் உதவாது. அப்பாவிடம் அந்த உறுதி இல்லை. அவரிடம் இருந்தது பத்தாயிரம் ரூபாய்க் கடன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். "நீ செய்யிற மெஷின்ல அந்த எச்சரிக்கை பட்டன் இருக்குல்ல. அதை அமுக்குறாங்களா?"

எல்லாரும் அமுக்குவதில்லை என்றேன். மாசக்கணக்கில் ஒரு எச்சரிக்கைகூட பதிவாகாத வேலைகளை நான் பார்த்திருக்கிறேன். பிரச்சினையே வராத கட்டுமானம் என்று அவற்றை நான் நம்பியதில்லை. எழுதினால் சண்டைக்கு வருகிறான் என்று நினைப்பார்களோ என்ற பயம் அங்கேயும் இருக்கிறது.

அப்பா சிரித்தார். "வாத்தியார் போயி ஆறு வருஷம் ஆச்சு. அந்த வீட்டுல இன்னும் ஒரு கீறல் இல்லடா."

சாயங்காலம் அந்தத் தெரு வழியாகத்தான் நடந்தேன். வாசலில் யாரோ ஒரு பெண் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் நின்று அடித்தளத்தைப் பார்த்தேன். உண்மைதான், கீறல் இல்லை.