போறதா, இருக்கிறதா?

கனடாவில் இருக்கிற அண்ணா நேற்றும் கேட்டார்: "இங்கே குடியேற ஃபைல் போட்டாச்சோ?" இன்னும் இல்லை. ஆனால் போக நினைக்கக் காரணங்கள் இருக்கின்றன.

2024 ஜனவரியில் இலங்கையில் வற் வரி 15இலிருந்து 18 வீதமானது. விலக்கு இருந்த காஸ் சிலிண்டருக்கும் இப்போது வரி. 2024இல் சம்பளம் மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டினாலே 6 முதல் 36 வீதம் வரை வரி பிடித்தார்கள். கரண்ட் பில்லுக்குப் பயந்து அம்மா இரவில் ஃப்ரிட்ஜை நிறுத்திவிடுகிறா. இதையெல்லாம் சமாளிக்கலாம்.

ஆனால் ஆன்லைனில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை என்ன செய்வது? எது பொய் என்று ஜனாதிபதி நியமிக்கும் ஆணைக்குழு தீர்மானிக்குமாம். அதற்குப் பயந்து இந்தப் பதிவிலேயே இரண்டு வரியை அழித்துவிட்டேன். விலைவாசியைவிட இதுதான் என்னை விரட்டுகிறது.

ரொறன்ரோ வாடகை கொழும்பு வாடகையைவிடக் கொடுமை என்றும் தெரியும் (அண்ணா அதை மட்டும் சொல்லமாட்டார்).

போனவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ. இன்பாக்ஸில் என்றாலும் சரி.