நாடாவின் கனிவு

காடாம்புலியூரில் நம் பாடகர் குழுவின் பாடல்களைக் கணினியில் பதியும் இளைஞர், "ஐயா, எந்த டேப் பிளகின் வாங்கலாம்?" என வினவினார்.

காந்த நாடா ஒலியை உள்ளபடியே திருப்பித் தந்ததில்லை. உரத்த ஒலியின் கூர்முனையை மழுக்கிற்று. வினாடிக்கு 15 அங்குலம் ஓடுகையில் அடித்தொனியைச் சற்றே பருக்கச் செய்தது. 30 அங்குலத்தில் இரைச்சல் குறைந்தது. வேவ்ஸ் ஜே37 லண்டன் அபே ரோடு கூடத்தின் நான்கு தட இயந்திரத்தையும், யுனிவர்சல் ஆடியோவின் மென்பொருள் ஸ்டூடர் ஏ800-ஐயும் பின்பற்றுகின்றன. எதுவாயினும், வாங்குமுன் இலவசத் தவணையில் நம் பாடலையே ஓட்டிக் கேளுங்கள். தபேலா குத்தினால் 15. பலகுரல் பாடலுக்கு 30. இரைச்சல் திருகை மூடிவிடுங்கள் (கேசட் நினைவில் உருகுவோர் பொறுத்தருள்க).

மூதாட்டியரின் நடுங்கும் குரலை மட்டும் மெருகிடாதீர்கள். அவர்களுள் இருவர் 80 வயதைக் கடந்தவர்கள். பதிவு இம்மாதமே நடக்கட்டும்.