முடவாட்டுக்கால்: கொல்லிமலையில் மரத்தின் மேல் பார்த்தது

கொல்லிமலை அரப்பளீஸ்வரர் கோயில் பக்கம் எந்தக் கடையில் நின்றாலும் அது கண்ணில் படும். பழுப்பு ரோமம் அடர்ந்த துண்டுகளைக் கூறு கட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்து அடுப்பில் மிளகு, சீரகம், பூண்டு வாசத்தோடு சூப் கொதிக்கிறது. "முடவாட்டுக்கால்ண்ணா. மூட்டு வலி பறந்துடும்" என்றார் கடைக்கார அக்கா. உரோமம் போர்த்த அந்தத் துண்டைக் கையில் எடுத்தால் ஆட்டுக்கால் என்று ஏன் சொன்னார்கள் என்று கேட்கவே வேண்டாம்.

நான் மாரிகுப்பத்துக்காரன். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தை 2001-ல் மூடிவிட்டார்கள். அதில் இறங்கி ஏறிய பெரியவர்களின் முழங்கால் வலிக்கு மட்டும் மூடுவிழா வரவில்லை. நான் மலைக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் ஆளுக்கு அரைக்கிலோ சொல்லிவிட்டார்கள். பங்காருப்பேட்டை, ஜோலார்பேட்டை, சேலம் என்று ரயில் மாறி, எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவன், வாங்குவதற்கு முன் செடியைப் பார்த்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அக்கா தன் மகனை அனுப்பி வைத்தார்.

காப்பித் தோட்டத்தை ஒட்டிய பலாமரத்தில், ஆள் உயரத்துக்கு மேலே இருந்தது. எல்லோரும் கிழங்கு என்கிறார்கள், ஆனால் இது மண்ணுக்குள் விளைவதில்லை. மரப்பட்டையையோ பாறையையோ பற்றிக்கொண்டு படரும் ஒரு பெரணியின் தண்டுதான் இது. மரத்தில் இடம் மட்டும் பிடிக்கிறது. புல்லுருவி மாதிரி சாற்றை உறிஞ்சுவதில்லை. தாவரவியலில் இதற்கு டிரைனேரியா குவெர்சிஃபோலியா என்று பெயர். 1753-ல் லின்னேயஸ் இதைப் பாலிபோடியம் என்ற பேரினத்தில் வைத்தார். இன்று சிலர் அக்லாயோமோர்ஃபாவில் சேர்க்கிறார்கள்.

"காய்ஞ்சு கிடக்கே தம்பி?" என்றேன்.

"இல்லண்ணா, அது எப்பவும் அப்படித்தான். பச்சை இலை தனியா வரும்."

அடையாளமே அந்த இரண்டு வகை இலையில்தான் இருக்கிறது. ஒன்று, காம்பில்லாமல் தண்டை அணைத்தபடி நிற்கும் குட்டை இலை. ஓரம் ஆழமில்லாமல் வளைந்து வளைந்து வெட்டியிருக்கும். சீக்கிரமே பழுத்துப் பழுப்பாகிவிடும், ஆனால் உதிராது. மேலிருந்து விழும் சருகையும் தூசியையும் ஏந்திப் பிடித்துத் தண்டுக்கு அங்கேயே எரு தயாரித்துக் கொடுப்பது இதன் வேலை. மற்றொன்று, நீண்ட காம்போடு நீட்டிக்கொண்டிருக்கும் பச்சை இலை. நடுநரம்பு வரை ஆழமாகக் கிழிபட்டிருக்கும். வறண்ட காலத்தில் இதன் மடல்கள் உதிர்ந்து நடு ஈர்க்கு மட்டும் குச்சியாக நிற்கும். அந்தக் குச்சிகளைத் தூரத்தில் கண்டே மரத்தைச் சொல்லிவிடுகிறான் பையன்.

பச்சை இலை ஒன்றைத் திருப்பிப் பூதக்கண்ணாடி வைத்தேன். பக்க நரம்புகள் இரண்டுக்கு நடுவே வித்துக் குவியல்கள் சின்னச் சின்ன வட்டமாக, மூடி எதுவும் இல்லாமல், இரண்டு வரிசையில் ஒழுங்காக நின்றன. நெருங்கிய உறவினரைப் பிரிக்க இதைவிட நல்ல தடயம் இல்லை. இலங்கையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வளரும் டிரைனேரியா ஸ்பார்சிசோராவில் இதே வட்டங்கள் வரிசையில்லாமல் இறைந்து கிடக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றே போல இருக்கும். ரிஜிடுலாவில் பச்சை இலை மடல்களாக நிற்காமல் தனித்தனிச் சிற்றிலைகளாகவே பிரிந்துவிடும். இமயமலைப் பக்கத்து புரோபின்குவாவில் மடலின் நடுநரம்புக்கு இருபுறமும் ஒவ்வொரு வரிசைதான். சீன வைத்தியத்தில் எலும்பு முறிவுக்குக் கொடுக்கும் பெரணித் தண்டும் இந்தக் குடும்பத்து டிரைனேரியா ரூசியைதான். எங்கோ சீனாவிலும் இங்கே கொல்லிமலையிலும் எலும்புக்கென்று ஒரே பேரினத்துச் செடியைத் தேடிப் போயிருக்கிறார்கள் என்பதை என்னால் சுலபமாகத் தாண்டிப் போக முடியவில்லை.

கடைக்குத் திரும்பிச் சூப் குடித்தேன். மிளகு தூக்கல், நன்றாகத்தான் இருந்தது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் இதன் சாறு வீக்கத்தையும் வலியையும் குறைத்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு தேய்ந்த மூட்டு திரும்ப வளரும் என்று வீடியோவில் சொல்வது வியாபாரம். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிப்பது ஆபத்து.

தோல் சீவி வில்லை போட்ட துண்டில் இலையும் இல்லை, வித்தும் இல்லை; அது எந்தப் பெரணி என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. ரோமத்தோடு, முடிந்தால் பழுப்பு இலை ஒட்டிய துண்டாகக் கேட்டு வாங்குங்கள். இது தோட்டத்தில் நட்டு எடுக்கும் பயிர் இல்லை, மரத்திலிருந்தும் பாறையிலிருந்தும் உரித்து வருவது. தண்டின் வளரும் நுனியை மரத்திலேயே விட்டு மீதியை வெட்டினால் அது மறுபடியும் படரும். விற்பவரிடம் அதையும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.